பதினான்காம் வரியில் இருந்தவர்

புற்றுநோயோடு வீட்டில் படுத்துவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் அப்போது வேலை பார்த்தேன். இரண்டு வண்டிகள், இரண்டு நர்ஸ்கள், ஒரு டாக்டர், ஒரு கணினி. கணினி என் பொறுப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பொத்தானை அழுத்தினால், அடுத்த வாரம் எந்த வண்டி யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் அச்சாகி வரும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஓடும் மேக்ரோவை, அதாவது அந்தக் குட்டி நிரலை, எழுதியது நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, மூத்த நர்ஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அரியாங்குப்பத்துல தொண்டையில கட்டி வந்த பெரியவர், போன மாசம் பதிஞ்சோமே, அவர் இன்னொரு வண்டி லிஸ்டுலயா வராரு?"

"இல்ல சிஸ்டர். அரியாங்குப்பம் பூரா உங்க வண்டிதான்."

"என் லிஸ்டுல ஒரு வாட்டிகூட வரலியே. நேத்து மார்க்கெட்ல அவர் பொண்ணப் பாத்தேன். என்னைப் பாத்ததும் தலையக் குனிஞ்சிகினு அந்தப் பக்கமா போயிட்டா."

பதிவேட்டைப் பார்த்தோம். பதிந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. அன்று ஆஸ்பத்திரியில் நாங்கள் போடும் பதிவு மேசையில் இரண்டு வாரத்துக்கான மார்ஃபின் வலி மாத்திரை கொடுத்து, இரண்டாம் வாரத்திலிருந்து நாங்களே வீட்டுக்கு வருவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். அந்த மனிதருக்கு மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். சிஸ்டர் மகளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை.

"நீ பாரும்மா. வேற யாராவது இப்டி விட்டுப் போயிருக்காங்களான்னு தெரியணும். தெரிஞ்சதும் கெளம்பிடலாம்."

எக்செல் கோப்பின் நோயாளிகள் ஷீட்டில் பதினான்காம் வரியில் அவர் இருந்தார். பெயர், தெரு, போன் நம்பர், மாத்திரை அளவு, எல்லாம் சரி. மேக்ரோவை ஒவ்வொரு அடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். பதினான்கு வந்ததும் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. இறந்த தேதி எழுதியிருந்தால் தாண்டிப் போ என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் இவருக்கு அந்தக் கட்டம் காலி.

மேக்ரோ நோயாளிகள் ஷீட்டை நேராகப் படிப்பதில்லை. இடையில் வண்டிகளுக்கென்று ஒரு ஷீட் உண்டு. அதில் ஒவ்வொரு கட்டமும் நோயாளிகள் ஷீட்டின் ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே பதினான்காம் கட்டத்தைத் தொட்டேன். அது நோயாளிகள் ஷீட்டைப் பார்க்கவே இல்லை. நான் உருவாக்காத ஒரு ஷீட்டின் மூன்றாம் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஷீட்டின் பெயர் 'போனவங்க'.

"நாந்தாம்மா வெச்சேன்" என்றார் சிஸ்டர். "செத்தவங்க வரிய அழிச்சிட்டு, அதுமேலயே புது ஆள எழுதுன்னு சொன்னே. ரெண்டு வருஷம் புண்ணு கழுவிவிட்ட ஆள ஒரு பட்டனத் தட்டி அழிக்கறதா? கை வரல. தேதியப் போட்டு, கட் பண்ணி, அங்க கொண்டுபோய் பத்திரமா வெச்சேன்."

"காப்பி பண்ணியிருக்கலாமே சிஸ்டர்."

"காப்பி பண்ணா இங்கயும் இருப்பாரு, அங்கயும் இருப்பாரு. ஒரு ஆளு எப்டிம்மா ரெண்டு எடத்துல இருப்பாரு?"

வெட்டி நகர்த்தினால், அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டங்களும் அதன் பின்னாலேயே திரும்பிவிடும். படித்தவள் என்பதால் இது எனக்குத் தெரியும். இறந்தவரை அழிக்க மனம் வராத ஒருவர் இந்த ஷீட்டைத் தொடுவார் என்று மட்டும் தோன்றவில்லை. இறந்தவரின் பின்னால் போன கட்டத்தில் அவருடைய தேதியைக் கண்டு மேக்ரோ தாண்டியது. காலியான வரியில் குடியேறிய புதியவரை எந்தக் கட்டமும் பார்க்கவில்லை.

'போனவங்க' ஷீட்டில் ஏழு பேர். அவர்களில் நான்கு பேரின் இடத்தில் புதியவர்கள் வந்திருந்தார்கள். அந்தப் புதியவர்களில் மூன்று பேர் வீட்டிலிருந்து ஏற்கெனவே போன் வந்திருந்தது. அப்போதெல்லாம் "விட்டுப்போச்சு, சாரி" என்று சொல்லி, அன்றிலிருந்து வாராவாரம் பட்டியலில் பேனாவால் எழுதிச் சேர்த்தேன். மூன்று வீட்டுக்கும். ஏன் விட்டுப்போனது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நான்காவது வீட்டிலிருந்து போன் வரவில்லை.

நோயாளிகள் ஷீட்டை மேக்ரோவே வரிவரியாகப் படிக்கும்படி மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. பிறகு நானும் வண்டியில் ஏறினேன். பாலத்தில் நெரிசல்.

கதவைத் திறந்த மகளுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். எங்களைக் கண்டதும் வழிவிடக்கூட மறந்து நின்றார். உள்ளே பெரியவர் கட்டிலில் சாய முடியாமல், நாற்காலியைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். முதல் வாரத்துக்குப் பிறகு மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார் மகள். அதுவும் தீர்ந்து ஒரு வாரம்.

"ஒரு போன் பண்ணக் கூடாதா தாயீ?" என்றார் சிஸ்டர், மருந்தைப் பிரித்துக்கொண்டே.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி க்யூவுல உங்கள சத்தம் போட்டேன்ல சிஸ்டர். எவ்ளோ நேரம் நிக்க வெப்பீங்கன்னு. அதான் கோவிச்சிகினு வரலன்னு நெனச்சேன். போன் பண்ற மூஞ்சி ஏது எனக்கு?"

எனக்கு அந்தச் சண்டையே நினைவில் இல்லை. சிஸ்டருக்கும் இல்லை.

"அக்கா, அதெல்லாம் இல்ல. தப்பு என்னுது. நான் எழுதுன ப்ரோகிராம்ல அப்பா பேரு வராம போயிடுச்சு. உங்க பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். "விடும்மா. நானும் அப்டி பேசியிருக்கக் கூடாது" என்றார்.

இன்னொரு முறை, வேறு சொற்களில் சொன்னேன். தலையாட்டிவிட்டு டீ போடப் போனார்.

பெரியவர் அதன்பிறகு ஐந்து வாரம் இருந்தார். வாரம் தவறாமல் போனோம். இரண்டு முறை நானும் போனேன். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதுமே மகள் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிடுவார். குரலை உயர்த்தவே மாட்டார்.

"நைட்ல வலி எப்டிம்மா இருந்துச்சு?" என்று சிஸ்டர் கேட்டார், நான் போன இரண்டாவது முறை.

"பரவால்ல சிஸ்டர். நல்லாவே தூங்குனாரு. ஒரு கொறையும் இல்ல."

மகளுக்குப் பின்னால், பேச முடியாத பெரியவர் எங்களைப் பார்த்து, இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.