தவமணி அக்காவின் பென்சில் புள்ளிகள்

தவமணி அக்காவின் மூன்றாம் குறிப்புக் கொப்பியில் நான்காம் பக்கத்தின் படத்தைக் கணினித் திரையில் திறந்து வைத்திருந்தபோதுதான் அவருடைய மகள் அழைத்தார். "அங்கிள், அம்மா காலைல ஆறு மணிக்குப் போயிட்டாங்க." அதன்பின் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. இனி இந்தப் பக்கத்தை யாரிடம் கேட்பது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெட்கக்கேடுதான். ஆனாலும் அவரை அறிந்த உங்களிடம் அதை மறைக்க எனக்கு மனமில்லை.

பேராதனையில் எங்கள் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவர். எந்தக் களிமண் கலவையில் ஓடு செய்து எத்தனை பாகைச் சூட்டில் சுட்டால் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை. கலஹா பஸ்ஸில் வந்து இறங்கியதும் குடையை மாட்டிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், காற்றில் எவ்வளவு ஈரம் என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவார். இன்றைக்கு மழை வருமா என்று நாங்கள் கேலி செய்வோம். "சிரிங்க சேர். மழை நாள்ல காஞ்ச மண்ணும் வெயில்ல காஞ்ச மண்ணும் ஒண்ணா?" என்பார், எழுதுவதை நிறுத்தாமல்.

சூளையில் வெடித்துப்போன ஓடுகளை மாணவர்கள் குப்பையில் போடுவார்கள். அவர் அவற்றைப் பொறுக்கி எடுத்து, இன்ன கலவை, இன்ன சூடு, வெடித்தது என்று எழுதுவார். செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு சேர்க்கும் திட்டம் எங்களிடம் வந்தபோது, வெடித்தவற்றை விட்டுவிடலாம் என்றேன். "நல்லா வந்தத மட்டும் காட்டுனா, வெடிக்கிறத அது எப்படிங்க சேர் தெரிஞ்சுக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பிறகு நான் மூன்று கூட்டங்களில் என் சொந்தக் கேள்விபோலக் கேட்டுப் பாராட்டு வாங்கினேன்.

அவருடைய ஒன்பது கொப்பிகளையும் ஒரே நியம அளவு முறைக்குள் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. எல்லாவற்றையும் படமெடுத்து, எண்களை அட்டவணையில் ஏற்றி, கொப்பிகளைப் பழைய கடதாசிக்குப் போட நானே கையெழுத்து வைத்தேன். அறையில் இடமில்லை என்பது காரணம். எங்கள் பழைய சூளை உண்மையான சூட்டைவிட முப்பது பாகை கூட்டிக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்தச் சூளையின் எண்கள் எல்லாவற்றிலும் முப்பதைக் கழித்தேன். நேர்த்தியான வேலை என்று பெருமையாகவும் இருந்தது.

அந்த அட்டவணையிலிருந்து கற்றுக்கொண்ட கணினி சொன்ன சூட்டில் முதல் ஓட்டைச் சுட்டோம். கையில் எடுத்ததும் மண்ணாக உதிர்ந்தது. தவமணி அக்கா தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். "வேகல சேர்," என்றார். பிறகு மெதுவாக, "புள்ளி வச்சதுலயும் கழிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு எந்தப் புள்ளியும் தெரியாது. சூளை காட்டிய எண்ணை அவரே சில வேளைகளில் திருத்தி எழுதுவாராம். திருத்திய எண்ணின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பாராம். நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பென்சில் புள்ளி ஒன்றுகூட விழவில்லை; எடுத்துப் பார்க்கக் கொப்பிகளும் இல்லை. திருத்திய எண்களை நான் இரண்டாம் முறையும் திருத்தியிருந்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒரு பக்கமா பாத்துக்கிட்டு வந்தா ஞாபகம் வரும்," என்று கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் அமர்ந்தார். அன்றைக்கு யார் சுட்டது, என்ன மண், எந்த எண் திருத்தியது என்று படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். ஞாபகம் வராத இடத்தை நான் வெறுமையாக விட்டேன். "வெறுமையா விடாதீங்க. அளக்கலையா, மறந்துட்டாங்களான்னு பின்னால வர்றவங்களுக்கு விளங்காது. தெரியாட்டி தெரியாதுன்னு எழுதுங்க," என்றார். இப்படி இரண்டு கொப்பிகள் முடிந்தன. மூன்றாவதில் மூன்று பக்கம் பார்த்திருந்தோம். அதற்குள் அவருக்கு இருந்த நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

கண்டி ஆஸ்பத்திரிக்கு நான் ஒரே ஒரு முறை போனேன், தோடம்பழத்தோடு. நோயாளியின் கட்டிலுக்கு வேலையைக் கொண்டுபோவது அழகல்ல என்று நினைத்திருந்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார். "பக்கமெல்லாம் எடுத்துட்டு வரலீங்களா சேர்?"

"அதுக்கென்ன அக்கா, சுகமாகி வாங்கோ. ஆறுதலாப் பாப்பம்," என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நேரமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். மரியாதை என்று நான் நினைத்தது கோழைத்தனம்.

செத்த வீட்டில் அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் கொப்பிக் கதைதான் சேர். அந்த வேல முடிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டார். நான் ஆம் என்று தலையாட்டினேன். அந்தப் பொய்யும் இன்று என்னோடு இருக்கிறது.

ஆறு கொப்பிகளின் படங்களும் மூன்றாவதின் மிச்சப் பக்கங்களும் அப்படியே கிடக்கின்றன. புதிய அட்டவணையில் 'திருத்தியதா?' என்ற தலைப்பில் நெடுக்காக ஒரு நிரல் சேர்த்திருக்கிறேன். பழைய சூளையின் ஒவ்வொரு வரியாக அதில் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரே கட்டளையில் கணினியே நிரப்பிவிடும் என்று சக ஊழியர்கள் சொல்கிறார்கள். நான் கையாலேயே தட்டுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்: தெரியாது. தெரியாது. தெரியாது.