குடிக்காதவளின் கல்லீரல்

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப் நடக்கும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ரத்தம் கொடுப்போம், ஸ்கேன் வேனுக்குள் படுத்து எழுந்திருப்போம், அத்தோடு மறந்துவிடுவோம். ரிப்போர்ட் வந்தால் ரத்தம் கம்மி என்று இருக்கும். எங்கள் லைனில் பாதிப் பெண்களுக்கு அதுதான் இருக்கும். அந்த வருஷம் கம்பெனி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கும்மா. ஃபேட்டி லிவர், ரெண்டாவது கிரேடு. வெளியில ஒரு டாக்டரைப் பாத்துடுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். கம்பெனி இருக்கிற தேர்வாய் கண்டிகையிலிருந்து பஸ் கிளம்பி ஊத்துக்கோட்டை தாண்டிய பிறகுதான் அவர் சொன்ன வார்த்தை எனக்குள் இறங்கியது.

கல்லீரல்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனா முதலில் வயல் கூலிக்குப் போனவர். பிறகு இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்கு முன்னால் நின்றவர். வேலை முடிந்தால் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் பத்தாவது படிக்கும்போது அவர் கண்கள் மஞ்சளாகின. வயிறு ஊதி, கைகால்கள் குச்சியாகின. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்துக்கு அடியில், நீயாகத் தேடிக்கொண்டதுதானே என்கிற பார்வையும் இருந்தது. என்னிடமும் அது இருந்தது. அந்த நோயிலேயே நைனா போய்ச்சேர்ந்தார். குடிக்காத மாப்பிள்ளையாக இருந்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அடம்பிடித்து, அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு வேப்பம்பட்டுக்கு வந்தவள் நான்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"உனுக்கா? நீ இன்னா, எனுக்குத் தெரியாம ஊத்திக்கினு கீறியா?"

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சும்மா சொன்னேம்மா. லீவு போட்டுட்டு டாக்டராண்ட போயினு வரலாம்."

போகவில்லை. ஒரு வாரம் அவருக்கு ஓவர்டைம், அடுத்த வாரம் எனக்கு. எனக்கும் ஒருவிதத்தில் அது வசதியாக இருந்தது. முன்பின் தெரியாத டாக்டர் முன்னால் உட்கார்ந்து எனக்குக் கல்லீரலில் கோளாறு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு அக்கா. திருவள்ளூரில் ஏறுவார். பேக்கிங்கில் வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் சத்து மாத்திரைகள் விற்பார். முட்டி வலிக்கு ஒன்று, முடி கொட்டுவதற்கு ஒன்று என்று அவர் பையில் எப்போதும் டப்பாக்கள் இருக்கும். ஏமாற்றுகிற ஆள் இல்லை. தான் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் என் தொடையில் தட்டினார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற? லிவருக்குன்னே ஒண்ணு கீதுடீ. எல்லாம் மூலிகை. சைடு எஃபெக்டே கெடயாது. உள்ள போயி கழுவி உட்டுடும்."

கழுவி விடும் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் ஏதோ வெளிநாட்டு முள்செடியின் விதையில் எடுத்த மாத்திரை. பிறகு மஞ்சளிலிருந்து சத்தை மட்டும் பிரித்து அடைத்த மாத்திரை. கொழுப்பு சீக்கிரம் கரையட்டும் என்று கிரீன் டீ மாத்திரை. காலையில் பல் விளக்கியதும் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மனசுக்கு ஒரு தெம்பு வரும். நோய்க்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்கிற தெம்பு. மற்றபடி எதுவும் மாறவில்லை. கம்பெனியில் என் வேலை கார்களுக்கான ஒயர் கட்டுகளைச் சோதிப்பது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை. டீ மிஷினில் பாலும் சர்க்கரையும் முன்பே கலந்துதான் வரும். அதைக் குடித்தால்தான் கண் திறந்திருக்கும். கூடவே கிரீம் பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் ரோட்டில் பரோட்டா. மாத்திரைதான் சாப்பிடுகிறோமே என்ற நினைப்பில் ஒரு பரோட்டா கூடுதலாகவே இறங்கியது.

மழைக்காலம் முடிகிற சமயம் உடம்பில் அசதி தட்ட ஆரம்பித்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலே குமட்டியது. முதுகும் உள்ளங்கையும் அரித்தன. அக்காவிடம் சொன்னேன்.

"லிவரு சுத்தமாவும்போது அப்டித்தான் இருக்கும். கெட்டதெல்லாம் வெளிய வருதில்ல? உட்றாத" என்றார். நானும் விடவில்லை.

ஒரு ஞாயிறு காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர், என் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"இங்க பாரு. வெயிலப் பாத்து நில்லு."

நின்றேன். என் கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த ஈரத்துணியோடு கீழே இறங்கி வந்து கண்ணாடியில் பார்த்தேன். நைனாவின் கண்கள் என் முகத்தில் இருந்தன.

அன்று சாயங்காலமே கும்மிடிப்பூண்டியிலிருந்து அம்மா வந்துவிட்டார். பையில் கீழாநெல்லி பறித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "அரைச்சி மோர்ல கலக்கித் தரேன்" என்றார். என் வீட்டுக்காரர் அம்மாவிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"வாணாத்த. நாளைக்கி டாக்டரப் பாக்கறோம். அவங்க சொல்ற வரைக்கும் எதுவும் வாணாம்."

அவர் கடைக்குப் போன நேரத்தில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். நெசத்தச் சொல்லு. கம்பெனில பொம்பளைங்க சேந்துக்கினு குடிக்கிறீங்களா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மாவின் முகத்தில் குற்றம் சாட்டுகிற தோரணையே இல்லை. பயம்தான் இருந்தது. ஆமாம் என்று சொன்னால்கூட என்னைக் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார். "இல்லம்மா" என்றேன். அம்மா தலையசைத்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைச் செய்யவில்லை என்று நம்பச் சொல்லிக் கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் திருவள்ளூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ரத்தத்துக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"எதுவும் இல்ல மேடம்."

நான் பொய் சொல்லவில்லை. அவற்றை மாத்திரை என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டுக்காரர்தான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மேடம், மூலிகை டப்பா மூணு நாலு சாப்புடுது."

"ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டு வாங்க."

ரத்த ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு எல்லா டப்பாக்களையும் துணிப்பையில் போட்டு மேசைமேல் வைத்தோம். டாக்டர் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். மஞ்சள்காமாலைக் கிருமிகள் எதுவும் ரத்தத்தில் இல்லை என்றார். பித்தப்பையில் கல்லும் இல்லை. கிரீன் டீ டப்பாவையும் மஞ்சள் டப்பாவையும் தனியாக எடுத்து வைத்தார்.

"எனக்கு இது ரெண்டு மேலயும்தான் சந்தேகம். ஆனா எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்திடுங்க."

"டீதானே மேடம்? மஞ்சள் நாம தெனம் கொழம்புல போடறதுதானே?"

"ஒரு கப் டீ வேற, அந்த இலையக் காய்ச்சி சாறை மட்டும் திரட்டி அடைக்கறது வேற. எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாது. சில பேருக்குக் கல்லீரலையே புண்ணாக்கிடும். யாருக்குன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. மூலிகைன்னாலும் அது போய்ச் சேர்ற எடம் அதே கல்லீரல்தாம்மா."

அந்த முள்செடி மாத்திரையாவது நல்லதா என்று கேட்டேன். அது பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை, ஆனால் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிச் சாப்பிடுகிற அளவுக்கு உறுதியான ஆதாரமும் இல்லை என்றார். விட்டமின் குறைவாக இருந்தால் பரிசோதித்து அவரே எழுதிக் கொடுப்பார். கொழுப்பு படிந்ததற்கு மருந்து, இனிப்பைக் குறைப்பதும் நடப்பதும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கண்டிப்பு இல்லை. எழுந்து வரும்போது அம்மா கேட்கச் சொல்லியிருந்ததைக் கேட்டேன்.

"குடிக்காதவங்களுக்கு இது எப்படி மேடம் வரும்?"

"எங்கிட்ட வர்றவங்கள்ல நிறையப் பேர் குடிக்காதவங்கதாம்மா. சோறு, சர்க்கரை, உக்காந்த வேலை, பரம்பரை, எல்லாம் காரணம்தான்."

மாத்திரைகளை நிறுத்தியதும் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. வாராவாரம் ரத்தம் கொடுத்தேன். அரிப்பு முதலில் அடங்கியது, பசி பிறகு வந்தது, கண்ணில் மஞ்சள் கடைசியாகத்தான் இறங்கியது. அதுவரைக்கும் அம்மா எங்களுடன் இருந்தார். ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், டாக்டர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கீரைக் காம்பை ஒடித்தபடியே இருந்தார்.

"உங்க நைனா கடைசி வருசம் குடிக்கல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவ்ரு உட்டுட்டேன்னு சொன்னாரு. நான் நம்பல. தெனம் வாய மோந்து பாப்பேன். வாசனையே இருக்காது. இருந்தாலும் எங்கியோ மறைச்சி வெச்சினு குடிக்கிறாருன்னு ஊரு பூரா தேடனேன். படுத்தப்புறம் ஒரு நாளு என் கையப் புடிச்சினு, நெசமாத்தான் உட்டுட்டேன்னாரு. அப்பகூட நான் ஒண்ணுமே சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். கீரையை அலசிவரப் போய்விட்டார். நைனாவின் கல்லீரல் குடியால்தான் கெட்டது. அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. குடியை விட்ட பிறகு மிஞ்சிய காலத்துக்குள் அது ஆறவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வருஷம் முழுக்க எங்கள் ஒருவருடைய நம்பிக்கையும் இல்லாமல் அவர் தனியாகவே குடிக்காமல் இருந்திருக்கிறார். அவர் மேல் வைத்திருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பஸ்ஸில் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"நானுந்தான் துன்றேன். எனுக்கு ஒண்ணும் ஆவலயே?"

"எல்லாருக்கும் ஆவாதாம்க்கா. யாருக்கு ஆவும்னு தெரியாதாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பெனி கேட்டில் இறங்கி அவர் பாட்டுக்கு நடந்தார். சில நாட்கள் வேறு சீட்டில் உட்கார்ந்தார். என்னால் ஒரு நல்ல மனுஷியின் மனசு நொந்துபோயிற்றே என்று இருந்தது. ஆனால் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பஸ்ஸில் அவரிடம் வாங்கிச் சாப்பிடுகிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

அடுத்த வாரம் அவராகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என் பொண்ணுக்கும் குடுத்துக்கினு இருந்தேன்டீ. எளைக்கணும்னு கேட்டா. நிறுத்தச் சொல்லிட்டேன். அந்த டாக்டராண்ட எங்களையும் இட்டுக்கினு போறியா?"

போனோம். மகளுக்கு ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அக்காவுக்கு ஸ்கேனில் கொழுப்பு இருந்தது, அவ்வளவு நாள் மாத்திரை சாப்பிட்டும். டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் அவரே போய், நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுங்கள் என்று சொன்னார். சிலர் கேட்டார்கள். சிலர் வேறு ஆளிடம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இப்போது நான் சர்க்கரை போடாத டீயை பிளாஸ்க்கில் எடுத்துப் போகிறேன். மதியச் சோற்றைப் பாதியாக்கி, சுண்டலும் காயும் கூட்டிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்காரரும் நானும் ரயில்பாதை ஓரமாக நடக்கிறோம். மழை பெய்தால், ஷிப்ட் மாறினால், அலுப்பாக இருந்தால் நடப்பது நின்றுபோகும். பரோட்டாவும் முழுசாக நிற்கவில்லை. எடை இறங்குவது தெரியாத வேகத்தில்தான் இறங்கியது. உள்ளங்கையில் மாத்திரை இருந்த காலத்தில் கிடைத்த தெம்பு இதில் கிடைப்பதில்லை. ஏதோ செய்கிறோம் என்றே தோன்றாது.

போன மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தேன். ஒன்றாவது கிரேடு. இப்படியே போனால் அதுவும் போய்விடும் என்றார் டாக்டர். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட்டில் இருந்ததை மெதுவாகப் படித்துச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கி உன்ன அப்டிக் கேட்டுட்டேன்" என்றார்.

"பரவால்லம்மா."

"பரவால்லன்னு சொல்லாத. கோவமா ஒரு வார்த்த திட்டிடு."

திட்ட வரவில்லை. ரெண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தோம். அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சுவதும், யாரோ வண்டியைக் கிளப்புவதும் கேட்டன.