அம்மா ஒருமுறை சொன்ன பெயர்

எங்கள் வீட்டு முன்கதவில் ஓர் ஆணி இருக்கிறது. தலை சற்றே வளைந்த, துருப்பிடித்த, விரல் நீள ஆணி. வீடு பலகையிலிருந்து கல்லுக்கு மாறியபோதும் அம்மா இந்தக் கதவை விடவில்லை. தச்சரைப் பக்கத்தில் நிற்க வைத்து, புது நிலைக்கு ஏற்றபடி ஓரம் சீவி, பழைய கதவையே மாட்டச் செய்தார். போன மாதம், அறுபதைத் தொடப்போகும் என் மகன், "புதுக் கதவு போட்டுடலாம்மா, இந்த ஆணி என் சட்டய மூணு தடவ கிழிச்சிருச்சு லா" என்று அலுத்துக்கொண்டான். சட்டையைத் தைத்துக்கொள், கதவில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். இந்த ஆணியை நாங்கள் அடிக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரசாங்கம் அடித்தது.

மந்தின் என்ற ஊருக்கு வெளியே, ரப்பர் தோட்டம் முடிந்து ஓடை வளைகிற இடத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்து, பிறகு ஆட்களை மேய்க்கும் மண்டோராகி, வெள்ளைக்காரன் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அதை வாங்கினார். தோட்டத்து லய வீட்டில் பிறந்து லயத்திலேயே சாவது என்றிருந்த எங்கள் ஆட்களில், இது என் மண் என்று சொல்லிக் காலூன்றியவர்கள் அப்போது வெகு சிலர். அந்த மண்ணில் பலகை வீடு கட்டி ஒரு மழைக்காலம்தான் அப்பா முழுதாக இருந்தார். பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடிதமில்லை, சேதியில்லை. அம்மாவும் எட்டு வயதான நானும், மரவள்ளிக்கிழங்கும், அப்பாவின் நிலமும் மிஞ்சினோம்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயம். அம்மா இந்த விஷயத்தில் ஊரையே மிஞ்சியவர். அப்பாவின் பெயர் தண்ணிமலை. அதனால் அம்மா வாயில் தண்ணியும் வராது, மலையும் வராது. குடத்தைக் காட்டி, "அந்தக் குடிக்கிறத எடு" என்பார். மந்தினிலிருந்து டவுனுக்குப் போகும் மலைப்பாதை அவருக்கு எப்போதும் "பெரிய மேடு"தான். வந்த விருந்தாளிக்குக் "குடிக்கிறது வேணுமா?" என்று அவர் கேட்க, அந்த மனிதர் கள்ளுக்கடை நினைவில் ஆசையாகத் தலையாட்டியதும், செம்பில் பச்சைத் தண்ணீர் வந்ததும், அப்பா விழுந்து விழுந்து சிரித்ததும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்பா போன பிறகு நிலவரி கட்டும் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. அரசாங்கம் மாறியதே தவிர வரி மாறவில்லை. கிராண்டு என்று சொல்லும் நிலப் பத்திரத்தை, சிப்பாய்களுக்குப் பயந்து அம்மா கிழங்குக் கொல்லையில் புதைத்து வைத்திருந்தார். ஆகவே வெறுங்கையோடு, கிழங்கு விற்றுக் கிடைத்த, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, மலையேறி இறங்கி டவுனில் இருந்த நில ஆபீசுக்குப் போய் இரண்டு வருஷம் வரி கட்டினார். இரண்டு ரசீதையும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் அந்த ரசீதில் இருந்த எழுத்து தெரியாது.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு காலையில் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். கேட்காமல் கொள்ளாமல் ஒரு காகிதத்தை எங்கள் கதவில் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். சிவப்பு முத்திரை போட்ட காகிதம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னோம். இரண்டு வருஷ வரி பாக்கி, நிலம் ஜப்தியில் இருக்கிறது, விற்கவோ மாற்றவோ கூடாது, மாதம் முடிவதற்குள் தீராவிட்டால் ஏலம் என்று அவர் படித்தார். "நாந்தான் கட்டிட்டனே!" என்றார் அம்மா. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை. "கட்டுன ரசீத எடுத்துக்கிட்டு லாயரப் போய்ப் பாரும்மா. நான் பேசினா அங்க எடுபடாது" என்று கிராணி வழி காட்டினார். அன்றைக்கே கிராண்டையும் தோண்டி எடுத்தோம்.

லாயர் ஐயா டவுனை ஒட்டிய அம்பாங்கானில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோர்ட்டு வேலை பெயருக்குத்தான் நடந்த காலம் அது. நாங்கள் போனபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் மண் கொத்திக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, ரசீதுகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கிராண்டையும் படித்தார். பிறகு நிமிர்ந்து, "ஆர் பிள்ளை இந்தப் பழனியாண்டி?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்கட மனுசன்ர பேர் என்ன?" என்று அவர் கேட்டதும் அம்மா வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "அப்ப, அங்கை போய் என்ன பேர் சொன்னனீங்கள்?" அம்மா தலையைக் குனிந்துகொண்டே நடந்ததைச் சொன்னார். ஆபீசில் நான் உடனில்லை. வாசலில் நின்ற தமிழ்ப் பியூனிடம், "பெரிய மேட்டு மேல நிக்கிறாரே முருகன், அவரு பேரு" என்று சொல்லியிருக்கிறார். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் இருக்கிறார், அதை வைத்து அப்பாவின் பெயர் புரிந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. பியூனுக்கு முருகன் என்றால் பழனி. உள்ளே போய் பழனியாண்டி என்று சொல்லியிருக்கிறான். எங்கள் பக்கத்திலேயே பழனியாண்டி என்று ஒரு மாட்டுவண்டிக்காரருக்கும் நிலம் இருந்ததால், பெயரைத் தேடிய கிளார்க்குக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு வருஷமாக அம்மா கிழங்கு சுமந்து கட்டியது அந்த மனிதரின் வரியை!

லாயர் ஐயா முதலில் சிரித்துவிட்டார். அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மறுநாளே, ரப்பர் குழாயை டயராகச் சுற்றிய சைக்கிளில் அந்த மலைப்பாதை ஏற்றத்தில் மூச்சு வாங்க எங்கள் பக்கம் வந்து, மாட்டுவண்டிக்காரரைப் பிடித்துவிட்டார். "நீர் ரெண்டு வருசமா வரி கட்டினனீரோ?" என்று கேட்க, அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கட்டலங்கய்யா. யாரும் கேக்க வரல. சாமி பாத்துக்கிச்சுன்னு இருந்துட்டேன்" என்றார். அதை அப்படியே எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார் லாயர் ஐயா. மனுவையும் எழுதினார். பிறகு அம்மாவிடம் சொன்னதுதான் இடி. "பேப்பர் மட்டும் காணாது. துரை உங்களைத்தான் கேப்பான். நான் சொன்னாலும் செல்லாது, பிள்ளை சொன்னாலும் செல்லாது. பெண்சாதி எண்டு நிக்கிறது நீங்கள். உங்கட வாயாலை பேரைச் சொல்லவேணும்."

அந்த வாரம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சயாமிலிருந்து தப்பி வந்தவர்கள் சொன்ன கதைகள் அவர் காதிலும் விழுந்திருந்தன. இந்த நேரத்தில் பெயரைச் சொல்லி, அங்கே காட்டில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாவிட்டால், அவர் திரும்பி வரும்போது காலூன்ற மண் இருக்காது. இது சிரிப்பதற்கான விஷயமில்லை என்று பத்து வயதில் எனக்கே விளங்கியது. பயமாகவும் இருந்தது.

குறித்த நாளில், ஆபீஸ் வாசலில் சிப்பாய்க்கு இடுப்பு வளைத்துக் கும்பிட்டு உள்ளே போனோம். என்னைச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் ஜப்பான் அதிகாரி. பக்கத்தில் அவன் பேச்சை மலாயில் சொல்ல ஒரு கிளார்க். லாயர் ஐயா மனுவைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். கிளார்க் கேட்டார்: "நாமா சுவாமி?" கணவன் பெயர் என்ன என்று மலாயில் கேட்கிறார். அந்தச் சுவாமி என்ற சத்தத்தைக் கேட்டதும், அங்கே நின்ற அதே பியூன் சட்டென்று துரையைப் பார்த்து, "முருகன் பேரு, துவான்" என்று ஆரம்பித்தான். அம்மா அவன் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். மேசைக்கு ஓர் அடி முன்னால் போனார்.

"தண்ணிமலை" என்றார். "எங்க வூட்டுக்காரரு பேரு தண்ணிமலை. பழனியாண்டி இல்ல. நல்லா பாத்து எழுதிக்குங்க. தண்ணிமலை."

கிளார்க் அதைச் சொல்லவும், அதிகாரி ரசீதுகளையும் கைநாட்டையும் கிராண்டையும் வைத்து வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து இரண்டு ரசீதிலும் பெயரை அடித்துத் திருத்தினான், ஜப்தி நீக்கம் என்ற காகிதத்தில் முத்திரையைக் குத்தினான். அவ்வளவுதான். எத்தனையோ பேர் குனிந்து நின்ற அந்த மேசைக்கு முன்னால், எழுத்துத் தெரியாத என் அம்மா நிமிர்ந்து நின்று அரசாங்கத்தின் எழுத்தைத் திருத்தினார். அன்றைக்கு என் நெஞ்சில் ஏறிய பெருமை இன்னும் இறங்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மா மரநிழலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "தண்ணி குடு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு லாயர் ஐயாவிடம் சொன்னார்: "நான் பேரச் சொல்லாததுனாலதானேய்யா காயிதத்துல அவரு இல்லாமலே போயிட்டாரு. இப்ப இருக்காரு." லாயர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கூலி என்ன என்று அம்மா கேட்டபோது, நடுவதற்கு நல்ல மரவள்ளிக் குச்சி ஒரு கட்டு போதும் என்றார். அம்மா மூன்று கட்டு கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதவிலிருந்த நோட்டீசை அம்மாவே கிழித்தெறிந்தார். ஆணியை மட்டும் விட்டுவைத்தார்.

ஜப்பான்காரன் போய்ச் சில மாதம் கழித்து அப்பா வந்தார். எலும்பும் தோலுமாக, ஒரு கால் விந்தியபடி, ஆனால் உயிரோடு வந்தார். உடம்பு தேறியதும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என் பேர சொன்னியாமே? எங்க, இன்னொரு தடவ சொல்லு பாப்போம்" என்று அப்பா சீண்டினார். "அந்த ஆபீசுல துரையா வந்து உக்காருங்க, சொல்றேன்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து மறுபடியும் குடிக்கிறதும் பெரிய மேடும்தான். ஆனால் வருஷா வருஷம் வரி ரசீது வந்ததும் அம்மா என்னைக் கூப்பிடுவார். "பேரு சரியா போட்டிருக்கானா? சத்தமா படி." அப்பாவின் பெயரை அப்பாவுக்கு முன்னாலேயே நான் உரக்கச் சொல்ல அனுமதி உள்ள ஒரே நாள் அது. அம்மா கண்ணை மூடிக் கேட்பார். பிறகு ரசீதை வாங்கி அந்த ஆணியில் குத்துவார். அப்பா காலமான பிறகும் இது நிற்கவில்லை.

இப்போது நிலம் என் பெயரில் இருக்கிறது. என் பெயருக்குப் பின்னால் தண்ணிமலையின் மகள் என்று இருக்கிறது. மகன் போனிலேயே வரி கட்டிவிடுகிறான். இந்த வருஷம், காகிதத்தில் ரசீது வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். "சத்தமா படிடா" என்றேன். கதவருகே நின்று அவன் படித்தான். என் பெயரைத் தாண்டி அப்பாவின் பெயர் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரசீதை வாங்கி ஆணியில் குத்திவிட்டு அவனிடம் தண்ணி கேட்டேன்.