மொத்தம் 7821

கோகிலவாணியைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். அதை நான் எழுதுவது அசிங்கம். ஆனால் எங்கள் கல்லூரியில் வேறு யாருக்கும் அந்த எண்ணம் வரப்போவதில்லை.

நான் ஸ்ரீரங்கன், கணக்கு வாத்தியார். தாம்பரத்தில் பஸ் ஏறினால் நாற்பது நிமிடத்தில் போய்ச் சேரும் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்; சம்பளம் இன்னும் அங்கேதான் வருகிறது. கோகிலவாணி அங்கே இரண்டாம் மாடி கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டவர். பதினோரு வருடம் பார்த்துக்கொண்டார். பதினோரு வருடமும் தற்காலிக ஊழியர். ஜூனில் நிரந்தரம் செய்துவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார். கணவர் போன பிறகு அம்மா பொன்னியம்மாளையும் மகள் ஓவியாவையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அந்த ஜூனை நினைத்துத்தான் அவர் பல விஷயங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அந்த வேலை யாரும் சும்மா கொடுத்ததில்லை. கல்லூரி நிற்கிற இடத்தில் ஒன்றரை ஏக்கர் அவருடைய அப்பா ஜெயவேலுவுடையது. இடத்தை வாங்கியபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று வாயால் சொன்னார்கள். எதுவும் எழுத்தில் இல்லை. கட்டடம் எழும்பிப் பல வருடம் கழித்து ஒருநாள் கூப்பிட்டு, பெருக்கித் துடைக்கிற வேலை இருக்கிறது என்றார்கள். “டிப்ளமோ முடிச்சிக்கீறேன் சார். தொடப்பம் வோணாம், வேற இன்னா கீது?” என்று கேட்டவர் கோகிலவாணி. அப்படித்தான் லேபுக்கு வந்தார்.

காலை எட்டே காலுக்கு லேபைத் திறப்பார். நாற்பது மெஷின், எல்லாவற்றிலும் லினக்ஸ். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று free -m என்று அடிப்பார். திரையில் ஒரு வரிசை எண்கள் வரும். முதல் எண், அந்த மெஷினில் மொத்தம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்பது. மூன்றாவது எண், அதில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்பது. இரண்டையும் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எங்கள் மெஷின் ஒவ்வொன்றிலும் எட்டு ஜிபி, நான்கு நான்காக இரண்டு ரேம் அட்டை. மெஷின் தன் சொந்தச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மொத்தம் 7821 எம்பி என்று காட்டும். நாற்பதிலும் அதே எண்தான். அவருடைய கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும்.

“ஒரே இடத்துல உட்கார்ந்துண்டே நாற்பதையும் பார்க்க வழி இருக்காமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கீது சார். ஆனா கிட்ட போனாத்தான் கீபோர்டு ஒடஞ்சிக்கீதா, எலி ஒயரைக் கடிச்சிக்கீதான்னு தெரியும்” என்றார்.

எங்கள் முதல்வர் ஒருமுறை அந்த ரெஜிஸ்டரைப் புரட்டினார். புரட்டியவர் ‘ஃப்ரீ’ என்ற கட்டத்தில் 214, 190, 305 என்று எண்களைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். ஏழாயிரத்துச் சொச்சத்தில் இருநூறுதான் மிச்சமா, மெஷினை இப்படியா வைத்துக்கொள்வது என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நானும் அங்கே இருந்தேன்.

கோகிலவாணி பொறுமையாகச் சொன்னார். “அது காலியா கெடக்குற எடம் மட்டும்தான் சார். லினக்ஸு எடத்தை சும்மா வுடாது. படிச்ச ஃபைலை எல்லாம் அங்க வெச்சிக்கினு இருக்கும், மறுபடி கேட்டா சட்டுனு குடுக்கலாம்னு. கல்யாண மண்டபத்துல பக்கத்து சேர் காலியா கீதேன்னு நம்ம பையை வெப்போம் இல்ல? ஆளு வந்தா எடுத்துடுவோம். அத்த மாதிரிதான். ஸ்க்ரீன்ல கடைசி கட்டத்தைப் பாருங்க, ஆறாயிரம்னு போட்டுக்கீது. கேட்டா அவ்ளோ தரும்.”

இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதல்வருக்கு ஏறவில்லை. “அந்த லெக்சர் எல்லாம் வேண்டாம்மா. பிப்ரவரியில தர மதிப்பீட்டுக் கமிட்டி வருது. ஃப்ரீங்கற கட்டத்துல நாலாயிரத்துக்குக் கீழ ஒரு நம்பர் இருக்கக் கூடாது.”

மெஷின் எடுத்து வைத்திருப்பதை எல்லாம் ஒரே அடியில் கொட்டிவிடவும் ஒரு கட்டளை உண்டு. கொட்டினால் ஃப்ரீ எகிறும். அதன் பிறகு கொஞ்ச நேரம் மெஷின் தவழும். “நல்லா ஓடுறத்தைப் போட்டுப் பேஜார் பண்றோம் சார்” என்று என்னிடம் முனகினார். ஆனாலும் தினமும் காலையில் நாற்பதிலும் கொட்டிவிட்டு எழுதினார். 4900, 5100 என்று வந்தது. முதல்வர் சந்தோஷப்பட்டார்.

இனி சொல்லப்போவது எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கே உரிய ஒரு திருவிழா. கமிட்டி வருவதற்கு முன் எல்லா ரெஜிஸ்டரும் காலிகோ அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்து, பைண்டிங் ஆகி நிற்க வேண்டும். பைண்டருக்கு ஒரு மாதமாவது ஆகும். அதனால் தீபாவளி கழிந்த ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்கள் எல்லாரையும் செமினார் ஹாலில் உட்கார வைத்து, ஜனவரி முப்பத்தொன்று வரைக்கும் முன்கூட்டியே எழுதச் சொன்னார்கள். நடக்காத வகுப்புக்கு வருகை, கொடுக்காத டியூட்டோரியலுக்கு மதிப்பெண். ஒரே நாளில் எழுதியது போலத் தெரியாதிருக்க ஆளுக்கு மூன்று நிறப் பேனா. பக்க முனைகளை மடித்துப் பழசாக்க ஒருவர், டீயைத் தொட்டுத் தடவ ஒருவர். பொங்கலன்று வகுப்பு எடுத்ததாக எழுதிவிட்டு அடித்தவர்களும் உண்டு. நான் மாணவர் ஆலோசனைக் கூட்டங்கள் இருபத்திரண்டை எழுதினேன். மாணவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்பதையும் நானே சொன்னேன். எனக்குக் கூச்சமாகவே இல்லை, சமோசா நன்றாக இருந்தது.

கோகிலவாணி எனக்கு அடுத்த நாற்காலி. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு மெஷின் இன்னா சொல்லும்னு இன்னிக்கே எப்படி சார் எய்தறது?”

“மொத்தம் எங்க போயிடப் போறது? 7821ன்னு போடுங்கோ. ஃப்ரீ மட்டும் கொஞ்சம் மாத்தி மாத்திப் போட்டா ஆச்சு” என்றேன்.

போட்டார். லீவு நாட்களைக் காலண்டர் பார்த்துச் சரியாக விட்டுவிட்டு, ஜனவரி கடைசி வரை நாற்பது மெஷினுக்கும் எழுதி, தேதிக்குத் தேதி கையெழுத்தும் போட்டார்.

பொங்கல் லீவில் பின் இரண்டு வரிசை மெஷின்கள் இருபதும் சர்வீஸுக்கு என்று வேனில் போயின. அனுப்பியவர் மேனேஜர் ஏகநாதன். அவர் தாளாளரின் மச்சினர். லீவு முடிந்து பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை, கோகிலவாணி வழக்கம்போல அடித்துப் பார்த்தார். முன் வரிசைகளில் 7821. பின் வரிசைகளில் 3790. தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தார். மூடியைக் கழற்றினார். இரண்டு ரேம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இருபதிலும் அப்படியே.

நேராக ஏகநாதனிடம் போனார். “பழசு ஆயிட்சும்மா, ஒர்க் ஆவலைன்னு சர்வீஸ்காரன் கழட்டிட்டான். நீ இன்னா பெரிய இன்ஜினியரா? போய் வேலையப் பாரு” என்றார் அவர். இருபது மெஷினிலும் ஒரே வாரத்தில், ஒரே பக்கத்து ரேம் மட்டும் எப்படிக் கெட்டது என்று கோகிலவாணி கேட்டிருக்கிறார். மறுநாள் முதல்வரிடம் எழுதிக் கொடுத்தார். “கமிட்டி வந்துட்டுப் போகட்டும். இந்தக் காகிதம் இப்ப என் மேஜையில இருந்தா எல்லாருக்கும் தலைவலி. அப்புறமா தேதி போட்டுக் குடு” என்று அவர் திருப்பித் தந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கல்லூரிப் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சார், பத்தொம்பதுலேர்ந்து ரெஜிஸ்டர்ல 7821ன்னு எய்தி வெச்சுக்கீறேன். மெஷின்ல 3790தான் கீது. அடிச்சிட்டு சரியா எய்திடட்டுமா?”

எனக்கு அப்போது என் இருபத்திரண்டு கூட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. ஒரு ரெஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் இருந்தால் கமிட்டி மற்றதையும் பிரிக்கும். “வேண்டாம், விடுங்கோ. பைண்டிங் ஆனதைத் தொட்டா வம்பு. கமிட்டி போனப்புறம் பார்த்துக்கலாம்” என்றேன். ஆளைக் குழியில் தள்ளும்போதுகூட எனக்குக் குரல் எவ்வளவு இதமாக வருகிறது!

“நீங்க சொன்னா சரி சார்” என்றார்.

கமிட்டி வந்தது, தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தது, முன் வரிசை மெஷின்களோடு நின்றுகொண்டு போட்டோ எடுத்தது, சாப்பிட்டது, போயிற்று. நல்ல தரமே கிடைத்தது. எல்லாருக்கும் அரைக் கிலோ மைசூர்பாக்கு. கோகிலவாணி அந்தக் கடிதத்தில் பிப்ரவரித் தேதி போட்டு மறுபடி கொடுத்தார். ஒரே வாரத்தில் விசாரணைக் குழு போட்டார்கள். முதல்வர், ஏகநாதன், ஆசிரியர் பிரதிநிதியாக நான். திருடியவனே விசாரணை மேஜையில் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

ஏகநாதன் ரெஜிஸ்டரைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினார். “இது யார் கையெய்த்தும்மா?”

“என்துதான்.”

“வேனு வந்தது பதினெட்டாந்தேதி. பத்தொம்பதுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும் எல்லா மெஷின்லயும் 7821 கீதுன்னு நீயே எய்திக் கையெய்த்துப் போட்டுக்கீற. அப்போ வேன்லேர்ந்து எறங்கச்சொல்ல ரேம் முழுசா இருந்திருக்கு. லேபு சாவி யார் கையில?”

“என் கையில.” அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. “சார், அது தீபாவளி முடிஞ்சதும் எய்தினது. எல்லாரும்தானே ஹால்ல குந்திக்கினு எய்தினோம்?”

பிறகு பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தார். மெஷின் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும், தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று தேதி, நேரத்தோடு தானே குறித்து வைத்துக்கொள்ளும். இருபது மெஷினின் குறிப்புகளையும் அச்செடுத்திருந்தார். பொங்கலுக்கு முன் எட்டு ஜிபி, வேன் திரும்பியதும் நான்கு. “மெஷின் முன்கூட்டியே எய்தாது சார். வாங்க, லேபுக்கு வந்து நீங்களே பாருங்க” என்றார்.

முதல்வர் அந்தத் தாள்களை ஒரு விரலால் தள்ளினார். “இதை யார் வேணாலும் டைப் அடிக்கலாம். கையெழுத்து இருக்கறது ரெஜிஸ்டர்லதான்.”

கோகிலவாணி என்னைப் பார்த்தார். “சார் என் பக்கத்துலதான் குந்தியிருந்தாரு. சாரைக் கேளுங்க.”

முதல்வர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. “அப்படி முன்கூட்டியே எழுதற பழக்கம் நம்ம காலேஜ்ல இருக்கா, சார்?”

இருக்கிறது என்றால் தரம் போகும், அட்மிஷன் போகும், என் வேலையும் போகும் என்று பிறகு பல முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடத்தில் அவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. வெறும் பயம்தான்.

“இல்லை சார்” என்றேன்.

போலீஸுக்குப் போகாமல் விடுகிறோம், கோகிலவாணி தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. மறுநாளே நாற்பது மெஷினையும் அழித்துப் புதிதாக லினக்ஸ் ஏற்றிவிட்டார்கள். இப்போது அவற்றில் பழைய குறிப்பு எதுவும் கிடையாது. ஜூனில் அந்த இடம் நிரந்தரமாக்கப்பட்டது. அதில் ஏகநாதனின் அக்கா மகன் உட்கார்ந்திருக்கிறான்.

கோகிலவாணி இப்போது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. நான் காய் வாங்கக்கூட எதிர்ப்பக்கமாகத்தான் போகிறேன். போன மாதம் என் பெண் நித்யஸ்ரீயின் லேப்டாப்பில் ஸ்பீக்கர் போய்விட்டது. என்னிடம் சொல்லாமல் அந்தக் கடையிலேயே கொடுத்து, சரிசெய்து வாங்கியும் வந்துவிட்டாள்.

“அந்த ஆன்ட்டி சூப்பர்ப்பா” என்றாள். “கொடுக்கும்போதே என் கண்ணு முன்னாடி மெமரி மொத்தம் எவ்வளவுன்னு அடிச்சுக் காட்டினாங்க. திருப்பி வாங்கும்போதும் காட்டினாங்க. வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தானாம். நம்பரை என்னையே எழுதச் சொன்னாங்க. கீழ கையெழுத்து போடணும்னதும், அப்பாவை வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். உன் அப்பா யாருன்னாங்க. சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“‘உங்கப்பா கையெய்த்து வோணாம்மா. நீ உன் கண்ணால பார்த்தே இல்ல, நீயே போடு’ன்னாங்க. ஏம்ப்பா அப்படிச் சொன்னாங்க? உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?”

“தெரியாதும்மா” என்றேன்.