லாபம் என்கிற டைரக்டரி

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்தேன். வேறு எவனுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது? மளிகைக்கடையில் முதல் படியை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று அளந்த பழக்கத்தில், கம்ப்யூட்டரில் ஃபைல்களைப் போட்டு வைக்கும் முதல் டைரக்டரிக்கும் அதே பெயர்தான்.

எங்கள் ஒரே வாடிக்கையாளர் பல்லாவரம் தோல் வியாபாரி. அவருடைய கணக்கு புரோகிராம் எந்த இடத்தில் தாமதமாகிறது என்று அளக்கும் கருவியின் துணை ஸ்கிரிப்ட், நாங்கள் அமைத்துக் கொடுத்த ‘லாபம்’ பாதையை மதிக்காமல் வேறொரு பெயரில் தேடியது.

“அது தேடுற பேரையே டைரக்டரிக்கு வெச்சிடலாம் சார்” என்றார் புரோகிராமர்.

“லாபத்தை அழிக்கச் சொல்றியா? ஸ்கிரிப்டைத் திருத்துப்பா.”

காத்திருந்த வியாபாரி எழுந்தார். “உன் மிஷினுக்கே உன் வூட்டு வழி தெரியல. என் கணக்கை எப்டிபா நம்பறது?” என்று கிளம்பிப் போய்விட்டார்.

மாலையில் ஸ்கிரிப்ட் சரியான பாதையில் போனது. தாமதம் எங்கே என்றும் காட்டியது. அதைத் திருத்தச் சொல்லத்தான் வியாபாரி இல்லை. நானும் புரோகிராமரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.