ஸ்டிக்கர் பசைக்குப் பின்னால் பன்னிரண்டு மாதம்

நேற்று சுங்குவார்சத்திரம் ஃப்ளெக்ஸ் கடையில் இசக்கி அண்ணனின் மகளை ரிஜெக்ட் செய்துவிட்டார்கள்.

இசக்கி அண்ணன் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவர். ஊர் தென்காசிப் பக்கம். இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை.

மாதம் ஒரு தடவை ஊருக்குப் போவார். மகளைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு வருவார். வருகிற ஞாயிறு அவளுக்கு முதல் பிறந்தநாள். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம், பெரிய பேனர். அண்ணியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாம் பனிமூட்டமா கீதுண்ணே. பேனர் சைஸுக்கு இழுத்தா பாப்பா மூஞ்சியே தெரியாது. வேற போட்டோ இருந்தா எத்துனு வாங்க" என்றிருக்கிறார்.

வேறு போட்டோ கிடையாது. அண்ணியிடம் இருப்பது பட்டன் போன். அண்ணன் நேராக என்னிடம் வந்துவிட்டார்.

ஒரகடத்தில் என் வேலையே, மோசமான பார்ட்ஸைப் பிடிக்கிற கேமராவைப் பராமரிப்பதுதான். "பத்து நிமிஷம்ணா" என்றேன். (மூன்று மணி நேரம் ஆனது.)

எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. படத்தைத் தெளிவாக்குகிற முதல் சாஃப்ட்வேர் திறப்பதற்குள் அம்மா காபி போட்டு, நாங்கள் குடித்தும் முடித்துவிட்டோம்.

இரண்டாவது, படங்களை நெட்டில் ஏற்றச் சொன்னது. அண்ணன் மவுஸையே பிடுங்கிவிட்டார். "அதெல்லாம் வேண்டாம் தம்பி. பிள்ளைக்குக் கண்ணுபட்டுரும்."

மூன்றாவது ரொம்ப புத்திசாலி. பன்னிரண்டு படங்களையும் தானே தேர்ந்தெடுத்து, 'தெளிவில்லாதவை, அழித்துவிடலாமா?' என்று கேட்டது.

அப்போதுதான் போனையே வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் மேல் கெட்டியாக ஒரு படலம்.

"இன்னாண்ணா இது, அல்வா துன்னுட்டுத் தொட்டியா?"

"கம்பெனி கேட்ல கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவாம்லா. உள்ள படம் எடுத்துரக் கூடாதுன்னு. டெய்லி ஒட்டுவான், வெளிய வந்து டெய்லி பிய்ப்பேன்."

"தொடைக்க மாட்டியா?"

"போன் பழசு, அதான் இப்படின்னு நெனச்சேன்."

ஒரு வருடமாக மனுஷர் பசை வழியாக மகளைப் பார்த்திருக்கிறார்.

"மொத்தமும் ஸ்கிராப்புண்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் போனை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாது.

சொன்ன விஷயமும் தவறுதான். எங்கள் லைனில் முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான்: ஃபோக்கஸ் போனால் படம் போச்சு. லென்ஸ் அழுக்கென்றால் படம் உள்ளேதான் இருக்கிறது, மேலே திரை விழுந்திருக்கிறது.

நான்காவது சாஃப்ட்வேர் இலவசம். நெட் வேண்டாம். பார்க்க லட்சணமே இல்லை. அண்ணனிடம் போனை மறுபடி வாங்கி, மொத்தப் படங்களையும் அதில் போட்டு, மூட்டத்தைக் குறைக்கிற பட்டையை மெல்ல இழுத்தேன்.

வெள்ளை வடிந்தது. முதலில் தொட்டில் சேலையின் பூ. பிறகு ஒரு குட்டிக் கை. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு. கடைசியில் கண்.

நாள் முழுக்கக் கேமரா படம் பார்க்கிற ஆள் நான். கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

பன்னிரண்டும் தெளிந்தன. நாங்கள் கேட்காமலேயே அது இன்னொரு வேலையும் செய்தது. முதல் மாதம் கண்ணை இறுக்க மூடியிருந்த குழந்தையும், இப்போது இரண்டு பல் காட்டிச் சிரிப்பவளும் ஒரே ஆள் என்று கண்டுபிடித்து, ஒரே வரிசையில் அடுக்கிவைத்தது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிட்டே தம்பி. நான் போனா அவ எவனோன்னு அழுவா. பழக ரெண்டு நாளாவும். அதுக்குள்ள பஸ் ஏறணும்."



அடுத்து திரையில் ஒரு கேள்வி வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகம். 'இருவரும் ஒரே நபரா?'

ஒன்று, குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்ட மகள். இன்னொன்று, அன்றைக்கே அவளோடு மொட்டை போட்ட இசக்கி அண்ணன்.

சிரித்துக்கொண்டே 'இல்லை'யை அழுத்தப் போனேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருங்க தம்பி. ஊர்ல எல்லாரும் அவ அம்மா சாடைன்னுதான் சொல்லுதாவ."

அப்புறம்தான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். அதே நெற்றி. அதே விடைத்த காது. ஒரே மோல்டில் வந்த இரண்டு பீஸ், சைஸ் மட்டும் வேறு.

இன்று மறுபடி ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். ஓரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு படம். நடுவில், பெரிதாக, இரண்டு மொட்டை.

கடைக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இதுல பர்த்டே யாருக்குண்ணே?"

அண்ணன் சிரித்தார். போனை எடுத்து, லென்ஸைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

வீட்டு கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. ஆமா போடட்டுமா, இல்லை போடட்டுமா?