காற்றைப் பார்த்துத் திரும்பிய கப்பல்

உப்பம்மா என்ற பெயர் அவளுக்குச் சரக்குக் கப்பலில் கிடைத்தது. அதுவரை அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேதியியல்காரி, வீட்டில் இரட்டைப் பெண்களுக்கு அம்மா.

அலை உடைந்து தெறிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. கடற்பாசிகள் விடும் வாயு காற்றில் மாறிக் கந்தக டை ஆக்சைடு ஆகிறது. ஈரமான உப்புத் துளி அதை விழுங்கிக்கொள்கிறது. உள்ளே போன கந்தகம் ஓசோனோடு சேர்ந்து சல்பேட்டாகிறது. உப்பிலிருந்த குளோரின் இடத்தைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. ஊர்ப்புகை எட்டாத நடுக்கடலில் இது எவ்வளவு நடக்கிறது என்று பார்க்க யாராவது போக வேண்டியிருந்தது. அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

"பஸ்ல ஜன்னல் சீட்டு இல்லேன்னாலே உனக்கு வயித்தைப் புரட்டும். நீ கப்பல்லயா போகப்போற?" என்று தையற்காரக் கணவன் சிரித்தான். ஆனாலும் உட்கார்ந்து, அவள் மேல்சட்டையில் வாந்திப் பைகள் வைக்க உள்ளும் புறமும் பாக்கெட் தைத்துக் கொடுத்தான். கப்பல் கிளம்பிய மறுநாளே பாதி பாக்கெட் காலி.

அதைவிடப் பெரிய தலைவலி காற்று. காற்றை இழுக்கும் பம்பும் அதிலுள்ள துகள்களைப் பிடிக்கும் வடிதாளும் கப்பலின் முன்பக்கம் இருந்தன, புகைபோக்கி பின்பக்கம். பின்னாலிருந்து காற்று வீசியபோதெல்லாம் புகை முன்னால் வந்து படிந்தது. வடிதாள்கள் அடுப்படிக் கரித்துணி மாதிரி கறுத்துப்போயின. தயங்கித் தயங்கிக் கேப்டனிடம் போனாள்.

"ஒரு மூலையில பெட்டியை வெச்சுக்கிறேன்னு சொல்லித்தானே ஏறினீங்க மேடம்? இப்போ கப்பலையே திருப்பச் சொல்றீங்களே!"

"தாள்ல இருக்கிறதெல்லாம் நம்ம எண்ணெய்ப் புகையோட கந்தகம் சார். கடலைப் பத்திச் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

அவர் வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அறைக்குப் போய் அழுதுவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் காலை கப்பல் வேகம் குறைந்து, மெல்லத் திரும்பிக் காற்றுக்கு முகம் காட்டி நின்றது. ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கேட்டது: "உப்பம்மா காத்து பிடிக்கிறாங்க. முடியிற வரைக்கும் முன்பக்கம் யாரும் சிகரெட் பத்த வைக்கக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் கொஞ்ச நேரம் அப்படி நின்றார்கள். சமையல்காரர் தானாகவே அந்த நேரத்தில் அடுப்பை அணைத்தார். ஆறிய காப்பிக்கு முணுமுணுத்தவர்களிடம், "சூடா வேணும்னா வாயை மூடிக்கிட்டு இருங்க, அந்தம்மா பாவம்" என்றார். ஒருநாள் பம்பின் ரப்பர் சவ்வு கிழிந்தது. யாரோடும் பேசாத இன்ஜினியர் பழைய மழைக்காலணி ஒன்றை வெட்டிப் புதுச் சவ்வு செய்து கொண்டுவந்தார்.

"ரப்பர்லயும் கந்தகம் இருக்குமே, பரவாயில்லையா?" என்று அவரே கேட்டார்.

"காத்து முதல்ல தாளைத் தாண்டித்தாங்க பம்புக்கு வருது. ஒண்ணும் ஆகாது" என்றாள். பயணத்தில் அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கரைக்கு வந்து சோதித்தபோது, கப்பல் காற்றைப் பார்த்து நின்ற நேரத்துத் தாள்கள் மட்டுமே தேறின. அது போதுமாயிருந்தது. பெரிய உப்புத் துகள்களில் குளோரின் குறைந்து, கடல்நீரில் இருக்கும் அளவைத் தாண்டிச் சல்பேட் ஏறியிருந்தது. கனமான துகள்கள் சீக்கிரமே விழுந்துவிடும். கடலிலிருந்து காற்றில் ஏறிய கந்தகத்தில் ஒரு பங்கு அப்படியே கடலுக்குத் திரும்பிவிடுகிறது.

கட்டுரை எழுதும்போது நன்றிப் பகுதியில் மாலுமிகள் எல்லோருடைய பெயரையும் போட்டாள். "சமையல்காரருக்குமா?" என்று துறைத்தலைவர் புருவத்தை உயர்த்தினார்.

"அவர் அடுப்பை அணைக்கலேன்னா இந்தக் கட்டுரையே இல்ல சார்."

பெயர் இருந்தது.

பிறகும் சிலமுறை கடலுக்குப் போனாள். வாந்தி நின்றபாடில்லை. ஓய்வுபெற்ற கேப்டன் ஒருநாள் மனைவியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நுண்ணோக்கித் திரையில் ஒரு துகளைக் காட்டினாள்: சதுர உப்பு, அதன் விளிம்பில் ஊசி ஊசியாய் வளர்ந்த சல்பேட்.

"இவ்வளவு சின்னதுக்கா என் கப்பலைத் திருப்பினேன்?" என்றார்.

"ஆமா சார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்கு இன்னும் தெரியல."

"சும்மா இருங்க. இன்னொண்ணு காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.